இனி சாமுயில்தான்

இயேசு மரி சூசை துணை

லூனாஸ், கெடா
8.7.1985, திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெனவீவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி எர்னஸ்டும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம் என்றுதான் எழுதவேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லை, சோறு இறங்குகிறது, ஆனால் உன் சுகம் சரியாகத் தெரிகிற வரைக்கும் என் சுகத்தை நான் முழுசாக எழுத முடியாது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேருமா என்பதே சந்தேகமாக இருக்கிறது. நீ கொடுத்த விலாசத்தில் வீட்டு நம்பர் இல்லை, தெருப் பெயர் இல்லை, தபால் ஆபீசிலேயே வைத்திருப்பார்கள், நான் போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன் என்கிறாய். நீ கேட்க மறந்துவிட்டால் இது அங்கேயே ஏதாவது பெட்டியில் கிடக்கும். அதனால் இதை வாசித்தவுடன் முதலில் ஒரு தந்தி கொடு, மற்றதெல்லாம் பிறகு.

ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் மேலே எழுதுவேன். பாங்காக் போகிற ரயில் புக்கிட் மெர்தாஜம் வழியாகத்தானே போகிறது, அங்கிருந்து நம் வீட்டுக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சிங்கப்பூரில் ஏழு வருஷமாக ஃபேக்டரியில் ஷிப்டு பார்த்து, சேர்த்து வைத்த லீவையெல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்தவள், வீட்டுப் பக்கமாகவே போய்விட்டு இறங்காமல் போயிருக்கிறாய். ஏன் என்று நீ சொல்லவேண்டாம், எனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு வந்திருந்தபோது டெஸ்மண்ட் சம்பந்தம் வேண்டாம் என்று நீ சொன்னாய், வேண்டாம் என்றால் இந்த வீட்டு வாசப்படியை மிதிக்காதே என்று நான் சொன்னேன். கோபத்தில் வந்த பேச்சு அது. சின்ன வயசிலிருந்து நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், சுடுதண்ணி குடி, தலை துவட்டு என்று, ஒன்றையாவது கேட்டிருக்கிறாயா. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அப்படியே செய்கிறாய். அன்றைக்கு நான் சொன்னது தப்பு. உன் அப்பாவிடம்கூட இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

இப்போது நான் செய்து வைத்திருக்கிற கூத்தைச் சொல்லவேண்டும், நீ கோபப்படாமல் வாசி. உன் முதல் கார்டு போன மாசக் கடைசியில் வந்தது. தென்னைமரமும் கடலும் போட்ட படம். பின்னால் நாலு வரி எழுதியிருந்தாய், பாங்காக் பார்த்தாகிவிட்டது, ஒரே வெயில், ஒரே கூட்டம், இனி சாமுயில்தான், நிம்மதியாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று. அவ்வளவுதான். இதை வாசித்த எந்தத் தாய்க்கு மகளே கவலை வராமல் இருக்கும். யார் இந்த சாமுயில் என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நம் ஆட்கள் சாமுவேல் என்று எழுதுவதை நீ சிங்கப்பூரில் இருந்து இருந்து தமிழ் தேய்ந்துபோய் சாமுயில் என்று எழுதிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். இனி சாமுயில்தான் என்றால் என்ன அர்த்தம், இனிமேல் எனக்கு அவன்தான், டெஸ்மண்ட் பேச்சை எடுக்காதே என்றுதானே அர்த்தம். அந்தப் பெயர் நம் சபைப் பெயர்போலவும் இல்லை, மெதடிஸ்டாகத்தான் இருக்கும் என்று உன் அப்பா ஈஸிசேரில் சாய்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாக இருந்த மனுஷன், ஆளைப் பார்க்காமலே கணக்கில் சேர்த்துவிடுவார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. டெஸ்மண்டின் அம்மா மரியா அக்காவை ஏமாற்றக்கூடாது, அவர்கள் அன்னம்மாள் திருவிழாவுக்கு உன்னைப் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார்கள். அதனால் நானே பஸ் ஏறி கூலிம் போய்ச் சொல்லிவிட்டேன், அக்கா, என் மகளுக்கு ஒருத்தர் இருக்கிறார், சாமுயில் என்று பேர், எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர்கள் ஒன்றும் கோபப்படவில்லை, புள்ளைங்க விருப்பம்தானே கேதரின், நாம என்ன செய்ய முடியும் என்றுதான் சொன்னார்கள், ஆனால் காப்பிக்கு வைத்த தண்ணீரைப் பாதியில் இறக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயில் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு மருதம்மாள் வேலியோரமாக வந்து, ஏக்கா, மாப்பிள்ளை என்ன வேலை செய்றாரு என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னால் உனக்கு மரியாதையா. சிங்கப்பூர் ஹார்பரில் வேலை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் கறுப்பு, ஆனால் நல்ல உயரம் என்றும் சொல்லிவிட்டேன், அதை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஜெபமாலை சொல்லும்போது உன் பேரோடு அவன் பேரையும் சேர்த்துக்கொண்டேன். மெதடிஸ்டாக இருந்தால் என்ன, என் பிள்ளைக்குத் துணையாக இருக்கிறானே என்று தோன்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை உன் இரண்டாவது கார்டு வந்தது. சாமுயில் இரண்டு நாளாக மழை, சாமுயில் எல்லாம் மலிவு, இருபதாம் தேதி வரைக்கும் இருப்பேன், குடிசைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு போட்டுக் கட்டிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாமுயில் எல்லாம் மலிவா, என்ன புள்ள இவன், கடை வச்சிருக்கானா, ஹார்பர்ன்னுல்ல நீ சொன்னே என்று என்னையே மடக்குகிறார். ஹார்பர் என்பது நானே கட்டிவிட்ட கதை என்பது அவருக்கு மறந்துபோயிற்றா, வேண்டுமென்று கேட்டாரா தெரியவில்லை. தபால் சீலை வேறு உற்றுப் பார்த்து, சூராட் தனி என்று போட்டிருக்கு, சூராட்டுன்னா மலாய்ல கடிதம், தனின்னா நம்ம தனி, இந்தக் கார்டு தனியா வந்திருக்குன்னு அடிச்சிருக்கான் என்றார். சனிக்கிழமை எர்னஸ்ட் பெண்டாங்கிலிருந்து வந்தான், பள்ளிக்கூடத்துக்கு லீவு. கார்டை வாங்கிப் பார்த்தவன் சிரித்த சிரிப்பில் சட்டையெல்லாம் காப்பி. அம்மா, இது ஆளே இல்லம்மா, பூலாவ்லா, சாமுய்ன்னு ஒரு தீவு, அதுல இருக்கேன்னு அக்கா எழுதியிருக்கு என்றான். அந்தச் சூராட் தானியும் அங்கே ஒரு ஊர்ப் பெயராம். அட்லஸைக் கொண்டுவந்து கடலுக்கு நடுவில் ஒரு புள்ளியைக் காட்டினான், என் விரலை வைத்தால் மறைந்துபோகிறது.

எல்லாரும் சிரித்தார்கள், உன் அப்பா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். சட்டி கழுவப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. சாமுயில் இல்லை என்றால் நீ தனியாக இருக்கிறாய். இத்தனை நாளும் அவனை நினைத்துக் கவலைப்பட்டேனே தவிர, அந்தக் கதவுக்கு வெளியே அவன் ஒருத்தன் உட்கார்ந்திருப்பான் என்ற தைரியத்தில்தான் இருந்திருக்கிறேன். இப்போது அந்தக் கயிறும் நீயும்தான். ஜெனி, கயிற்றை நம்பாதே. உன் பையைக் கதவில் சாய்த்து வை, அதன்மேல் ஒரு காலிப் பால்டின்னை வை, யாராவது தள்ளினால் விழுந்து சத்தம் போடும். பாஸ்போர்ட்டை உள்பாவாடையில் தைத்துக்கொள், பையில் வைக்காதே. ஹாட்யாய் பக்கமெல்லாம் எப்படிப்பட்ட இடம் என்று இங்கே ஆம்பிளைகள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும், திரும்பி வரும்போது அங்கே ராத்தங்கவேண்டாம். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதே. தஞ்சோங் டாவாய்க்கு நெத்திலி வாங்கப் போனபோது ஏழு வயசில் உன்னை அலை இழுத்தது உனக்கு ஞாபகம் இருக்காது, உன் தலைமயிரைப் பிடித்துத்தான் நான் இழுத்தேன், அன்றைக்குக் கையில் வந்த மயிர் இன்றைக்கும் என் ஜெபப் புத்தகத்துக்குள் இருக்கிறது. நீச்சல் தெரியாதவளுக்குத் தீவு எதற்கு என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். கோடாலித் தைலம் வைத்திருக்கிறாயா. மலிவாகக் கிடைக்கிறது என்று பச்சை நண்டு எதையும் தின்னாதே. ஒரு வேளையாவது சோறு சாப்பிடு.

நேற்றுப் பூசை முடிந்து மரியா அக்காவை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன், முந்தின நாளே எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். டெஸ்மண்டுக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை, நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திருவிழாவுக்கு அவர்கள் வந்து உட்கார்ந்து உன்னைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவர்கள், சாமுயில் எப்படி இருக்காரு கேதரின் என்று கேட்டார்கள். எனக்கு அந்த நேரத்தில் உன் முதல் கார்டுதான் ஞாபகம் வந்தது. நிம்மதியாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே. ஏழு வருஷத்தில் சிங்கப்பூரிலிருந்து எத்தனை கடிதம் போட்டிருப்பாய், எல்லாவற்றையும் அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறேன், நேற்றுக் காலையில் எடுத்துப் பார்த்தேன், ஒன்றில்கூட அந்த வார்த்தை இல்லை. நல்லா இருக்காருக்கா, அங்கே மழையாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இப்போது சாமுயில் ஒரு ஆள் இல்லை என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர், உன்னோடு நாலு. உன் தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உன் அப்பா தானாகவே மறந்துவிடுவார். அவன் இருக்கிறான் என்று ஊர் நினைக்கிற வரைக்கும் உன்னைப் பெண் பார்க்க ஒருவரும் நம் வீட்டுக்கு வரமாட்டார்கள். பொய்தான், பாவம்தான், அதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், அவர் எத்தனை ஜெபமாலை சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். உனக்குக் கல்யாணம் வேண்டாம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை, புரிந்தமாதிரி எழுதினால் அதுவும் பொய். ஆனால் அந்த வாசப்படி உன்னுடையது. அதைக் கழுவி வைத்திருக்கிறேன், மிதித்துக்கொண்டு வா.

இருபத்தாறாம் தேதி திருவிழா. ரயில் புக்கிட் மெர்தாஜத்தில் நிற்கும்போது இந்தத் தடவை இறங்கு, நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன், எந்த நாள் என்று மட்டும் தந்தியில் போடு. அன்னம்மாளும் அவர் பெற்ற மாதாவும் கடலிலும் கரையிலும் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாற்றுவார்களாக. அப்பா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னார், பாங்காக்கில் செருப்பு மலிவா என்றும் கேட்கச் சொன்னார். பால்டின்னை மறக்காதே. கோயிலில் யாராவது, எங்கே உங்க சாமுயில், தனியாகவா வந்திருக்கிறாய் என்று கேட்டால், அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லு. நானும் அதையே சொல்கிறேன்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா
அ. கேதரின்