பெயிண்டைச் சுரண்டிவிட்டேன்

பெரியவனே,

அம்மாவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. ஜீப்பை விலைக்குக் கேட்ட அந்த மனிதர் மத்தியானம் பார்க்க வருவார். சாவி ஆணியில் தொங்குகிறது.

பின் சக்கரத்துக்கு மேலே சேசிஸில், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில், இருந்த விரிசலை வெல்டு வைத்துக் கறுப்புப் பெயிண்டால் மறைத்திருந்தாய். காலையில் அதைச் சுரண்டிவிட்டேன். குனிந்து பார்த்தாலே தெரியும். அவர் குனியாவிட்டால் நீயே காட்டு.

விரிசலை அவரிடம் சொல்லிவிடு என்றதற்கு, "உங்க கௌரவத்தை மாட்டி வண்டி ஓட்ட முடியுமாப்பா?" என்று நேற்றுக் கேட்டாய். முடியாதுதான். ஆனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போகப்போவதாக அவர் போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. நம் வாசலிலிருந்து அப்படி ஒரு வண்டி வெளியே போகாது.

அவர் வாங்கமாட்டார். இனி யாருமே வாங்கமாட்டார்கள். கியர்பாக்ஸ் வரை நீயே பிரித்துச் சேர்த்த வண்டி. அது எனக்கும் தெரியும். பெயிண்ட் டப்பாவைத் தேடாதே, கையோடு எடுத்துப் போகிறேன்.

அப்பா

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். நீ வைத்த வெல்டு அசையவில்லை, நல்ல வேலை. அதைச் சுற்றித்தான் இரும்பே இல்லை. தொட்டால் துருவாக உதிர்கிறது.