வல்லூறுக்குள் இருந்தவள்

9 ஜனவரி 2025, வியாழன்

வாலாஜாபாத்தில் பஸ் மாறி ஊர் வந்து சேர மதியம் மூன்றாகிவிட்டது. நைனா அறுப்பு வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். என் முழங்கையில் கன்றிப்போயிருந்ததைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா இது? துணி மடிக்கிற வேலையில இப்டியா அடிபடும்?"

பெட்டி சரிந்து விழுந்துவிட்டது என்றேன். நாலு வருடமாக அவரைப் பொறுத்தவரை நான் சினிமா கம்பெனியில் நடிகர்களின் துணியை மடித்து வைக்கிறவள்.

நாளை 'ஒன்பது நிலா' படத்தின் இரண்டாம் பாகம் வருகிறது. பஸ் நிற்கும் இடத்தில் ஊர்த்தெரு நிலக்காரர் மகன் வினோத்குமாரின் ஆட்கள் பேனர் கட்டியிருக்கிறார்கள். தலையிலிருந்து கால்வரை கறுத்த கவசம், முகமூடி, தோளில் வலைத் துப்பாக்கி. வல்லூறு. ஓடிப்போன குற்றவாளிகளைக் கூலிக்குத் தேடிப் பிடித்துக் கொடுக்க நிலாவுக்கு நிலா அலைகிறவன். முகம் காட்டாதவன், ஊர் பேர் இல்லாதவன். அந்த பேனருக்குக் கீழேதான் பஸ்ஸிலிருந்து இறங்கினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கவசத்துக்குள் இருப்பது நான். இந்த நோட்டைத் தவிர வேறெங்கும் எழுதக் கூடாத வரி.

10 ஜனவரி

படம் ஓடும் நாளில் எனக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து பழசை யோசித்தேன்.

2021-இல் படப்பிடிப்புக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கத்தான் போனேன். வல்லூறாக நடிக்க வைத்திருந்த ஃபைட்டருக்குக் கவசம் தோளில் ஏறவில்லை. புதிதாகச் செய்ய நாளாகும் என்று எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஸ்டண்ட் மாஸ்டர் ஜான்சன் கூட்டத்தைப் பார்த்து, "அந்த ஒசரமான பொண்ணக் கூப்டு" என்றார். ஐந்தடி பத்து அங்குலம். பள்ளிக்கூடத்தில் மாவட்ட அளவில் ஈட்டி எறிந்த தோள். கவசம் எனக்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. பதினெட்டு கிலோ. "நட" என்றார் டைரக்டர். எப்படி நடப்பது என்று தெரியவில்லை. தலையில் நெல்லுக்கட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தேன். கழுத்து ஆடாமல், பாதத்தால் வரப்பைத் தேடித் தேடி.

டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

குரல் வேறொருவருடையது. நடையும் அடியும் விழுவதும் எழுவதும் என்னுடையது. உள்ளே யார் என்று தெரியாமல் இருப்பதுதான் படத்துக்கு விளம்பரம் என்று மேனேஜர் தினகரன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார். வெளியே சொன்னால் வேலையும் போகும், கேஸும் வரும். டைரக்டர் மட்டும் தனியாக ஒன்று சொன்னார்: "மூணாவது பாகத்துல முகமூடி கழலும். அப்ப தெரியப்போறது உன் மூஞ்சிதான், ஏஞ்சல்."

அதை வைத்துக்கொண்டுதான் நாலு வருடம் ஓட்டியிருக்கிறேன்.

14 ஜனவரி, பொங்கல்

காலனி ஆட்களோடு நைனா காஞ்சிபுரம் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க்குடம் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தபோது கேட்டார்.

"அது நீதான?"

"எது நைனா?"

"அந்த மூடிக்கினு கீறவன். கட்டு தூக்கிக்கினு வரப்புல நடக்கிற நடைம்மா அது. உங்கம்மா நடை. சினிமாக்காரனுக்கு அது எப்டி வரும்?"

அம்மா போய் ஆறு வருடம். குடத்தை இறக்கிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. உலகத்தில் ஒரே ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டார்.

19 ஜனவரி, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

சர்ச் முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு செங்கேணி அக்கா ஓடிவந்து, "ஏஞ்சலு, உங்க நைனாவ டீக்கடையில சுத்தி நின்னுக்கினு சிரிக்கிறாங்க, போய்க் கூட்டிக்கினு வா" என்றாள்.

சுப்பிரமணி டீக்கடை. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். நடுவில் நைனா, சர்ச்சுக்குப் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டையோடு. வினோத்குமாருக்கு என் வயதுகூட இல்லை. நைனாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். "இன்னா ஞானதாஸு, வல்லூறு உன் பொண்ணுன்றியே, அப்ப வல்லூறு நம்ம ஊரு காலனியா? நாளைக்கே எங்க நெலத்துல நாத்து நட வரச் சொல்லு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சுப்பிரமணிகூட.

நைனா என்னைப் பார்த்ததும் முகம் எப்படி மாறியது! "தோ வந்துட்டா. சொல்லும்மா, நீயே உன் வாயால சொல்லு."

வினோத்குமார் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஒரு மணி நேரத்தில் எல்லா இடத்துக்கும் போய்விடும். காகிதம். மூன்றாம் பாகம். என் முகம்.

"இல்ல" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "அவருக்குக் கண்ணு சரியில்ல. தப்பா நெனச்சிக்கினாரு" என்றேன்.

சிரிப்பு நின்றபிறகும் நைனா என்னையே பார்த்தார். வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வாசலுக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டார். "அவனுங்ககிட்ட இல்லன்னு சொன்னது சரி. என்கிட்டயாவது சொல்லும்மா."

மறுபடி போய் அவர்களோடு மல்லுக்கு நிற்பாரே என்று நினைத்தேன். இன்னும் ஒரு வருடம்தானே என்று நினைத்தேன்.

"இல்ல நைனா. நான் துணி மடிக்கிறவதான்."

20 ஜனவரி

நைனா இன்று சாப்பிடவில்லை.

2 பிப்ரவரி

இன்று பேசினார். பேசாமலே இருந்திருக்கலாம். "வயசாய்டுச்சி இல்ல, எதப் பாத்தாலும் உங்கம்மா மாரியே தெரியுது. உன்ன நாலு பேருக்கு முன்னாடி அசிங்கப்படுத்திட்டேன், மனசுல வச்சிக்காத" என்றார்.

மன்னிப்புக் கேட்கிறார். என்னிடம்!

அடுத்த பொங்கலுக்கு அவரை முதல் வரிசையில் உட்கார வைப்பேன். முகமூடி கழலும். அப்போது அவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், திரும்பி மற்றவர்களைப் பார்த்தால் போதும்.

17 மார்ச், திங்கள்

மூன்றாம் பாகம் தொடங்கியது. கவசம் வழக்கம்போல. இடுப்பு வார் ஒரு துளை தள்ளிப் போட வேண்டியிருந்தது; இளைத்திருக்கிறேன். டைரக்டர் என் வணக்கத்துக்குத் தலையாட்டினார். கண்ணைப் பார்க்கவில்லை. வேலைப்பளுவாக இருக்கும்.

4 ஏப்ரல், வெள்ளி

செட்டுக்கு இன்று பெரிய கார் வந்தது. அந்த நடிகரின் பெயரை எழுத மாட்டேன். மேக்கப் அறையில் அவர் முகத்துக்கு மாவு பூசி அச்சு எடுத்தார்கள். எதற்கென்று கேட்டேன். முகமூடியின் உள்பக்கம் அவருக்குப் பொருந்த வேண்டுமாம்.

தினகரனிடம் போனேன்.

"முகமூடி கழட்ற ஷாட்டு நான்தான சார்?"

"அது வரைக்கும் எல்லாம் நீதாம்மா. கழட்டும்போது அவரு."

"டைரக்டர் என் மூஞ்சின்னு சொன்னாரு சார்."

அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "ஜனங்க இத்தினி வருசமா காத்துக்கினு கீறாங்க. தெறந்தா உன் மூஞ்சி வருதுன்னு வையி. யாரு இதுன்னு கேப்பாங்க இல்ல?"

"நான்தான்னு சொல்லுங்க."

"நீதான்னா, யாரு?"

எழுந்து வந்து கவசத்தைப் போட்டுக்கொண்டேன். அடுத்த ஷாட் தயாராக இருந்தது.

5 ஏப்ரல்

எதுக்கு சொன்னேன்? நைனாகிட்ட எதுக்கு இல்லன்னு சொன்னேன்? இந்த மூஞ்சிக்கா? வராத மூஞ்சிக்கா? நைனா வெள்ளச் சட்ட போட்டுக்கினு நின்னுது. சொல்லும்மான்னு கேட்டுச்சி. வாசல்ல வந்து திரும்பக் கேட்டுச்சி — என்கிட்டயாவதுன்னு. ஒருத்தரும் பாக்கல, போனு இல்ல, ஒன்னும் இல்ல. ஒரு வார்த்த. இன்னா கொறஞ்சிருப்பேன்?

வேலையை விட்டுவிட்டுப் போகலாம். போய் என்ன சொல்வது?

29 ஏப்ரல், ஆஸ்பத்திரி

பேனா பிடிக்க இன்றுதான் முடிந்தது.

22-ஆம் தேதி, கயிறு கட்டிப் பாயும் ரோப் காட்சி. பறக்கிற விண்கப்பலிலிருந்து வல்லூறு பாய்ந்து கீழே ஓடுபவனைப் பிடிக்க வேண்டும். இருபதடி உயரம். இடுப்புக் கொக்கியை நான் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பது வழக்கம். அன்று பார்த்தேனா? எத்தனை முறை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஜான்சன் மாஸ்டர் ரெடியா என்றார். தலையாட்டினேன். என் மனசு அங்கே இல்லை, அது மட்டும் தெரியும்.

இடது இடுப்பில் தகடு வைத்திருக்கிறார்கள். கவசத்தைக் கழற்ற முடியாமல் அறுத்து எடுத்தார்களாம்.

11 மே, ஞாயிறு

ஜான்சன் மாஸ்டர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்துக்கொடுத்தார். "வேற பொண்ணப் போட்டுட்டாங்கம்மா. அதுக்கு உன் நடை வரல. தலை ஆடுது. கம்ப்யூட்டர்ல சரி பண்ணிக்கிறாங்களாம்." அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

ஆஸ்பத்திரிச் செலவை எல்லாம் கம்பெனி பார்த்துக்கொண்டது. தினகரன் மறுபடி ஒரு காகிதம் கொண்டுவந்தார். படம் வெளிவந்த பிறகும் சொல்லக் கூடாது என்று இருந்தது. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நைனாவிடம் மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறார்.

3 ஆகஸ்ட்

நைனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சர்ச் வரை நடந்தேன். மூன்று இடத்தில் நின்றோம். இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. டாக்டர் இனி இப்படித்தான் என்றார். வழியில் வினோத்குமார் பைக்கை நிறுத்தி, "இன்னா ஏஞ்சலு, எப்டி கீது?" என்றான். அக்கறையாகத்தான் கேட்டான். அவனை வெறுக்கக்கூடத் தெம்பில்லை.

7 அக்டோபர்

மழை. இன்று எதுவும் செய்யவில்லை. நேற்றும்தான்.

16 ஜனவரி 2026, வெள்ளி

மூன்றாம் பாகம் நேற்று வெளியானது. காலைக் காட்சி முடிந்து வந்தவர்கள் பஸ் நிற்கும் இடத்தில் சரவெடி கொளுத்தினார்கள். வல்லூறு முகமூடியைக் கழற்றினானாம், தியேட்டரே எழுந்து நின்றதாம். செங்கேணி அக்கா சொல்லிவிட்டு, "நல்ல அழகும்மே அவன்" என்றாள்.

18 ஜனவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காகிதமாவது கேஸாவது. சர்ச்சிலிருந்து வந்ததும் நைனா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கவசம், நெல்லுக்கட்டு, டைரக்டர், கொக்கி. "அன்னிக்கி நீ சொன்னது நெசம் நைனா. அது நான்தான்."

பொறுமையாகக் கேட்டார். என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்காக சொல்றியாம்மா?"

"இல்ல நைனா, சத்தியமா—"

"சத்தியம் எதுக்கு? உன் மேல எனக்கு இன்னா கோவம்? அதான் சினிமாவுலயே காட்டிட்டாங்களே யாருன்னு. நான் ஒரு கிறுக்கன், கண்ணு தெரியாம ஒளறி வச்சேன். அத மனசுல வச்சிக்கினு ஒரு வருசமா இந்தப் பாடு படறியே, விட்டுடு."

காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. செட்டில் போன் வாங்கி வைத்துவிடுவார்கள். எழுந்தேன். தலையில் கட்டு இருப்பதாக நினைத்துக்கொண்டு சுவரிலிருந்து கதவுவரை நடந்து காட்டினேன். இரண்டாவது அடியிலேயே இடுப்பு இறங்கிவிட்டது. தலை ஆடியது, எனக்கே தெரிந்தது. மூன்றாவது அடியில் நைனா ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"போதும்மா. வலிக்கப் போது. உக்காரு."

19 ஜனவரி

அவரை நம்ப வைக்க வேறு வழி யோசித்தேன். மாஸ்டரைக் கூப்பிடலாம். அவரும் கையெழுத்துப் போட்டவர்தான். அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். விட்டுவிட்டேன்.

6 பிப்ரவரி, வெள்ளி

உத்திரமேரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லித்தர ஆள் கேட்டிருந்தார்கள். நைனாதான் யாரிடமோ கேட்டு வந்து என்னைக் கூட்டிப்போனார். பழைய ஈட்டி எறிதல் சான்றிதழ் நன்றாகத்தான் இருந்தது. ஆபீசில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, விண்ணப்பத்தில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

"இத்தன வருசம் இன்னா பண்ணிக்கினு இருந்தம்மா? வூட்லயா?"

"ஆமா சார்" என்றேன். இந்த முறை யோசிக்கக்கூட இல்லை.

வெளியே நைனா வெயிலில் நின்றிருந்தார். "கெடச்சிதா?"

"கெடச்சிது. திங்கக்கெழமையிலருந்து வரச் சொன்னாங்க."

ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். "பாத்தியா, இதான் நெசமான வேலை" என்றார். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிழல் இருந்த பக்கம் என்னை உட்கார வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கி வரப் போனார்.