எட்னாவின் பெயர்

1916 ஜனவரி 18

இன்று என் மகன் வில்ஃபின் ராணுவச் சம்மதத் தாளில் இரண்டு கையெழுத்துப் போட்டேன். ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவி எட்னாவுடையது. பையனுக்குப் பத்தொன்பது, இருபத்தொன்று ஆகாதவனுக்குத் தாய் தகப்பன் இருவரும் எழுதித் தரவேண்டும். அவள் முடியாது என்றுவிட்டாள்.

தீவனக் கடைக்கு வருகிற ஒவ்வொருவனும், "உம்ம பையன் மூட்டை தூக்கத்தான் லாயக்கா, டிரகென்ஸா?" என்கிறான். ராணுவக் குதிரைகளுக்கு ஓட்ஸ் கொடுக்கும் ஒப்பந்தம் வேறு கைக்கு எட்டும் தூரத்தில். இங்கே பொய் எழுதி என்ன பயன்? அதுவும் மனதில் இருந்தது.

"அம்மா கேட்டா நானே போட்டேன்னு சொல்லிக்கிறேன்ப்பா" என்றான் வில்ஃப். சரி என்றேன்.

ஜனவரி 24

கேட்டாள். சொன்னான். "என் பேரைத் திருடிட்டியேடா!" அவ்வளவுதான். ரயிலடிக்குக்கூட வரவில்லை. நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 9

ஒப்பந்தம் கிடைத்தது.

செப்டம்பர் 3

கடலுக்கு அப்பால் இங்கிலாந்து முகாமிலிருந்து வில்ஃபின் கடிதம், கடை விலாசத்துக்கு. "அம்மா ஏம்ப்பா எழுதவே மாட்டேங்கிறாங்க? நீங்க இன்னும் சொல்லலியா?" அம்மாவுக்கு ஜாம் காய்ச்சும் வேலை என்று பதில் போட்டேன். செப்டம்பரில் இங்கே பழமே கிடையாது, என்ன ஜாம்? அவனுக்கும் தெரியும்.

சொல்லிவிட வேண்டும். வியாழன் சந்தை முடியட்டும்.

டிசம்பர் 1

பாதிரியார் பாஸ்கோ கடைக்கு வந்தார். சாவுத் தந்தியைப் பாதிரியார்தான் கொண்டுவருவார். அவர் எந்த வீட்டுப் படலைத் திறக்கிறார் என்று ஊரே பார்த்திருக்கும். ஆனால் அவருடைய குதிரை தின்பது என் தீவனம். விலை பேச வந்தார் என்று நினைத்துவிட்டேன்.

"பழைய விலைதான் பாதிரியாரே. ஒரு பென்னிகூட இறங்காது."

தொப்பியைக் கழற்றினார். "கடையைச் சாத்துங்க, டிரகென்ஸா. எட்னாகிட்ட சேர்ந்தே போவோம்."

பிரான்சில். சேற்றில். நவம்பர் பதினான்கு.

டிசம்பர் 4

சொன்னேன். எல்லாவற்றையும்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். "பத்து மாசம்... ஒரு வரி எழுதலையே நான். அவனும் உங்களைக் காட்டிக்குடுக்கலையே" என்றாள். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வில்ஃபின் அறைக்குப் போய்விட்டாள்.

1920 மே 11

அரசாங்கத்திடமிருந்து படிவம். கல்லறைக் கல்லில் குடும்பத்தார் வாசகம் போடலாம். அறுபத்தாறு எழுத்துக்கு மிஞ்சக்கூடாது. எழுத்துக்கு மூன்றரை பென்னி, நம் செலவு. பையனை ஓசியில் வாங்கிக்கொண்டவர்கள் எழுத்துக்குக் காசு கேட்கிறார்கள்! இப்படி ஒரு வியாபாரத்தை நான்கூடச் செய்ததில்லை.

"மன்னருக்காக மகிழ்ந்து உயிர் தந்தான் – பெற்றோர்" என்று எழுதி எட்னாவிடம் நீட்டினேன்.

"மகிழ்ந்தானா? கூட நின்னு பாத்தீங்களோ?" அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். "எட்னாவின் மகன். அது போதும். எழுதுங்க. என் பேரை எழுத உங்களுக்குத்தான் நல்லா வருமே."

"அப்போ நான்?"

"நீங்க காசு கட்டுங்க."

எழுதினேன். எட்டு எழுத்து, இரண்டு ஷில்லிங் நான்கு பென்னி. என் பெயர் வராது. ஒப்புக்கொண்டேன்.