சர்வரில் உங்கள் பங்கு

அக்கா,

இன்று காலை சர்வர் அறையைத் திறந்ததும் சூடேறிய தூசியின் வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் வேலையில் மூழ்கியிருந்த நாட்களில் வரும் அதே வாடை.

அந்தச் சர்வரில் இருப்பது ஒரே கிராபிக்ஸ் கார்டு. அதை நான்காகப் பிரித்து, சர்வருக்குள்ளேயே தனித்தனிக் கம்ப்யூட்டர்களாக ஓடும் நான்கு விர்ச்சுவல் மெஷின்களுக்குக் கொடுத்தது நீங்கள்தான். இண்டூர் வீட்டில் உங்கள் பழைய லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, தருமபுரி அலுவலகத்தில் ஓடும் உங்கள் மெஷினில் ஊரார் வீடுகளையெல்லாம் வரைந்தீர்கள். "கார்டு ஒண்ணுதான். ஆனா அவங்கவங்களுக்கு முழுசும் தன்னோடதுன்னு தோணும்" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பிறகு, உங்கள் பங்கைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு மாற்றிவிடச் சொன்னார் முதலாளி. காரியம் முடிந்ததும் மாற்றப் போனேன். நல்ல பகல் நேரம். உங்கள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தேன். நீங்களும் மாமாவும் கட்டவிருந்த வீடு. அதற்குள் யாரோ நடப்பதுபோல், உங்கள் கண் உயரத்தில், காட்சி அறை அறையாக நகர்ந்தது. சமையலறை வாசலில் தயங்கியது. பிறகு உள்ளே போனது. எதையும் மாற்றாமல் மூடிவிட்டேன்.

அன்றே பஸ் ஏறி இண்டூருக்கு வந்தேன். உங்கள் லேப்டாப் முன்னால் மாமா உட்கார்ந்திருந்தார்.

"நீங்க ஏதாவது அழுத்துனீங்களா மாமா?"

"நான் தொடவே இல்லம்மா. அவ விட்டுட்டுப் போனபடியேதான் இருக்குது. வூட்டுக்குள்ள நடந்துட்டே இருக்கா. நிறுத்திராதம்மா."

நீங்கள் ஓடவிட்டிருந்த காட்சி திரும்பத் திரும்ப ஓடுகிறது, அவ்வளவுதான் என்றேன். மெஷினை நிறுத்தினாலும் அவர் பார்க்கலாமே என்று, அதை வீடியோவாக எடுத்து பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சில நாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல எப்பவும் ஒரே எடத்துல நிக்கறா. அவ அப்படியில்லம்மா. நெனச்ச எடத்துல நிப்பா."

காரணம் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். நான் உட்பட மற்ற மூவரின் வேலை கூடும்போது கார்டு திணறும். உங்கள் காட்சி நின்று நின்று நகரும். அவரிடம் சொல்லும் முன் உறுதிசெய்துகொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மற்ற மூன்று மெஷின்களையும் அணைத்துவிட்டுப் பார்த்தேன். எங்கும் திணறக் காரணமே இல்லை. நடை கூடத்தைக் கடந்து ஜன்னலருகே வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. அந்த ஜன்னலுக்கு வெளியே நீங்கள் எதையும் வரைந்திருக்கவில்லை. வெறும் வெள்ளை.

மறுநாள் புதுப்பெண்ணுக்கு என் பங்கைக் கொடுத்துவிட்டேன்.

"அப்ப நீ எதுல வேலை செய்வ?" என்றார் முதலாளி.

"பழைய கம்ப்யூட்டர்லயே பாத்துக்கறேங்க சார்."

அது ஆமையாய் ஊர்கிறது. பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை மாமாவிடம் நான் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் யாருக்கு வீடு வரைந்தாலும் ஒவ்வொரு ஜன்னலுக்கு வெளியேயும் ஒரு வேப்ப மரமாவது வைத்துவிடுகிறேன், அக்கா. நின்று பார்ப்பவருக்குப் பார்க்க ஏதாவது இருக்கட்டும்.