தபால்தலையில் வேறு நாடு

கார்த்திகை 5, வியாழன்.

என் பெயருக்கு முதல் கடிதம் இன்று வந்தது. நான் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று தெரிந்து, மகள் சரசு சுவிட்சர்லாந்திலிருந்து எழுதியிருக்கிறாள். முதியோர் வகுப்பில் ஆங்கில எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தைரியத்தில் உறையைப் பிரிக்குமுன் தபால்தலையைக் கூட்டிப் படித்தேன். ஹெல்வெடியா என்று இருந்தது. சுவிட்சர்லாந்து என்று எங்கும் இல்லை. வேலை போய், எங்களிடம் சொல்லாமல் வேறு நாட்டுக்குப் போய்விட்டாளோ? பிரிக்கப் பயந்து உறையை அப்படியே வைத்துவிட்டேன்.

"எழுத்துத் தெரியாம இருந்தப்ப நிம்மதியா இருந்தீங்க," என்றாள் மனைவி. ஆனால் அவளும் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

சாயங்காலம் சரசு போனில் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, இப்ப எந்த நாட்டுல இருக்கறே?" என்றேன். தபால்தலையைப் பற்றிச் சொன்னதும் சிரித்தாள்.

"அதே நாடுதானுங்கப்பா. அந்தக் காலத்துல ஹெல்வெடின்னு ஒரு கூட்டம் இங்க இருந்துச்சுங்க. அவங்கள வெச்சு லத்தீன்ல வந்த பேரு. இங்க நாலு பாஷை பேசறாங்க. ஒண்ணுல போட்டா மத்தவங்களுக்குச் சங்கடமாயிருமில்லீங்க? அதான் இப்ப யாரும் பேசாத பாஷையில பழைய பேரப் போட்டுப்போட்டாங்க."

கைக்குழந்தையையும் வாங்க, போங்க என்று கூப்பிடும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் யாரோ அவர்களுக்கு யோசனை சொல்லியிருக்க வேண்டும்.

"சரி, உள்ள எழுதுனதப் படிச்சீங்களாப்பா?" என்றாள்.

"படிச்சுட்டே இருக்கறேன் அம்மணி," என்று பொய் சொன்னேன்.

இப்போதுதான் உறையைப் பிரித்தேன். மூன்று பக்கம் இருக்கிறது. 'அன்புள்ள அப்பாவுக்கு' வரை வந்திருக்கிறேன். மீதியைப் படிக்கப் பேனாவை மூடுகிறேன்.