கார்டு மேல் போட்ட பழி

மார்ச் 4, செவ்வாய்

அண்ணி குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதுப் பதிப்புக்கு அப்கிரேட் செய்தேன். கேட்கவில்லை. திரை ஓரத்தில் மாதக்கணக்காக வந்துகொண்டிருந்த அறிவிப்பு எனக்குத்தான் பொறுக்கவில்லை. அது கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று அமுக்கினேன்.

மறுபடி ஆன் செய்தால் — கறுப்பு. நடுவில் மவுஸ் அம்பு மட்டும்.

அண்ணி ஈரத்தலையோடு வந்து நின்றார். வீட்டு பிளான் வரைந்து கொடுப்பவர். பக்கத்துத் தெரு நர்ஸம்மாவின் பிளான் அதில் பாதியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். யாரும் சிபாரிசு செய்யாமல் தேடி வந்த முதல் வேலை.

"என்னாச்சு?"

"படம் காட்டற கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சு போல அண்ணி. பழசு இல்லையா."

யோசிக்கக்கூட இல்லை. வாய் அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

மார்ச் 5

சாப்பிடும்போது அண்ணன் ஆரம்பித்தான். "யாரோ கழட்டிப் போட்ட கார்டை வாங்காதேன்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?"

அண்ணி தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தேன். உண்மையைச் சொல்லியிருக்க அந்த நேரம் போதும்.

மார்ச் 6

லீவு போட்டேன். பழுது பார்ப்பதற்கென்றே இருக்கும் சேஃப் மோடில் ஆன் செய்ததும் படம் வந்தது — ஆனால் பெரிசு பெரிசாக, இழுத்துவிட்ட மாதிரி. இரண்டாவது திரைக்கு உயிரே இல்லை. "வட்டம் போட்டா முட்டையா வருது," என்றார் அண்ணி. அலமாரி மேலிருந்து வரைபலகையை இறக்கி, தரையில் முட்டி போட்டுக் கையால் வரையத் தொடங்கினார்.

எழும்போது முதுகைப் பிடித்துக்கொண்டு, "என்னால உனக்கும் ஒரு நாள் லீவு போச்சு," என்றார்.

என்னாலயாம்! எங்கயாவது ஓடிப் போயிடலாம் போல இருந்துச்சு.

மார்ச் 7

நர்ஸம்மா வந்து பார்த்தார். பிளான் பாதிதான் ஆகியிருந்தது. "பிளான் பாஸ் பண்ற ஆபீஸ்ல இன்னிக்கே குடுக்கணும்மா, தப்பா நினைக்காதீங்க," என்று வேறொருவரிடம் போய்விட்டார்.

காரணத்தையும் இன்றுதான் கண்டுபிடித்தேன். கார்டை இயக்கும் டிரைவர் என்ற சின்ன புரோகிராம், பழசு, இந்தப் புதுப் பதிப்பில் ஓடாது. அமுக்குவதற்கு முன்னாலேயே திரையில் எழுதியிருந்ததாம். படிக்கல. படிச்சிருந்தா நிறுத்தியிருப்பேனா?

மார்ச் 8, சனி

பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிவிட்டு, லினக்ஸோடு வரும் இன்னொன்றைப் போட்டேன். ரீஸ்டார்ட். இரண்டு திரையும் பளிச்சென்று வந்தன. அண்ணி கைதட்டினார். "கார்டு பொழைச்சிடுச்சே!"

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. அண்ணனும் அங்கேதான் இருந்தான்.

"கார்டுக்கு ஒண்ணும் ஆகல அண்ணி. உங்களைக் கேக்காம நான்தான் அப்கிரேட் பண்ணேன். அதுல கெட்டதுன்னு அன்னிக்கே தெரியும். அண்ணே, நீ திட்டினப்பவும் தெரியும்."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான்.

அண்ணி கத்தவில்லை. "நாலு நாள் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்திருக்கே," என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 10

நர்ஸம்மா வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது, அண்ணியுடையது இல்லை என்று சொன்னேன். கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டார். வேறொருவர் வரைந்த பிளான் ஆபீஸுக்கு எப்போதோ போய்விட்டது.

மார்ச் 13

அண்ணி பேசுகிறார். தேவையானதை மட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

அண்ணி பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

மத்தியானம் கூப்பிட்டார். "பிரிண்டர் ஓடல. நீ வாயால சொல்லு, நான் செய்யறேன்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் செய்திருந்தால் ஐந்து நிமிஷம்; நாற்பது ஆனது. பேப்பர் மெல்ல வெளியே வந்தது. புதுசாக யாரோ ஒருவரின் மாடிப்படி.

அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஏன் நிக்கறே? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு," என்றார்.