நாலாவது ஆளுக்கு ஒரு வாக்கியம்

3 பிப்ரவரி 2025, திங்கள்

கிழக்குத் தாம்பரத்தின் முடிசூடா மன்னனும், ஓய்வுபெற்ற குமாஸ்தாவும், அறுபத்தொன்பது வயது வாலிபனுமாகிய லாசரஸ், கர்த்தர் சாட்சியாக எழுதுவது: இனி இந்த டைரியில் வரப்போகும் கதையை எவனும் நம்பமாட்டான். எழுதுகிற நானே பாதிதான் நம்புகிறேன்.

என் பழைய ரயில் சிநேகிதன் ஞானையாவின் மகன் ஜாய்சன் போன் பண்ணினான். "அங்கிள், அம்மா போனதுலேர்ந்து அப்பா வீட்டை விட்டு இறங்கவே இல்ல. நாலு மாசம் ஆச்சு. ரெண்டு வாய் சாப்பிடறார், அவ்வளவுதான். நான் சிறுசேரிக்கு வேலைக்குப் போயிட்டா நாள் பூரா யார்கிட்டயும் ஒரு வார்த்தை கிடையாது. நீங்க சொன்னா கேப்பார்."

நான் சொல்லி ஞானையா கடைசியாகக் கேட்டது 1994-ல். அன்றைக்குத் தப்பான ரயிலில் ஏறினான்.

5 பிப்ரவரி

மேடவாக்கம் போனேன். ஆட்டோ நகர்ந்த வேகத்தில் எனக்குத் தாடியே வளர்ந்துவிட்டது. ஏழாவது மாடி. பால்கனியில் உட்கார்ந்து, கீழே தண்ணி லாரி ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்தியா. காபி குடிச்சிட்டுப் போ."

அவ்வளவுதான். முப்பது வருஷம் என் காதைத் தின்ற வாய்! அவன் மனைவி ஜோசலின் படத்துக்குப் பக்கத்தில் அவன் மூக்குக்கண்ணாடி சும்மா கிடக்கிறது. இவன் ஞானையாதானா? ஏன்டா இப்படி ஆயிட்ட? கேட்கணும்னு வந்தது, கேக்கல. காபி குடிச்சேன், வந்துட்டேன்.

6 பிப்ரவரி

தூக்கம் வராத மத்தியானம். பழசெல்லாம் வருகிறது.

1986. மீட்டர் கேஜ் காலம். காலை 8.10, தாம்பரம் டு பீச். முன்னாலிருந்து நாலாவது பெட்டி எங்கள் சாம்ராஜ்யம். ஒரு பெட்டியில் நாற்பதாயிரம் பேர் இருப்பார்கள், குறைத்துத்தான் சொல்கிறேன். மூணு பேர் சீட்டில் அரிகிருஷ்ணன் சார், பாலு, நான். நாலாவது ஆளுக்கு அரை இடுப்பு வைக்க இடம் உண்டு. ஆனால் அதற்கு நுழைவுத் தேர்வு வைத்திருந்தார் அரிகிருஷ்ணன் சார், எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க். 'உட் ராதர்' என்பதை வைத்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லணும். அதைவிட இதுவே எனக்கு மேல் என்று நாசூக்காகச் சொல்கிற பழைய துரைகாலப் பேச்சு அது. ஃபைல்களில் படித்துப் படித்து சாருக்கு அதன்மேல் ஒரு மோகம். சரியாகச் சொன்னால் சீட். தப்பாகச் சொன்னால் பல்லாவரம் வரை நிற்கணும். பதினோரு பேர் தோற்று நின்றார்கள். ஒருத்தர் இங்கிலீஷ் வாத்தியார்.

அப்போதுதான் ஒல்லியாக, டிபன் கேரியரும் கையுமாக ஒருவன் வந்தான். சார் கேட்டார். அவன் கண்ணை மூடித் திறந்தான்.

"ஐ உட் ராதர் ஸ்டாண்ட் வித் யூ தேன் சிட் வித் மை ஆபீசர்."

என் ஆபீசரோடு உட்கார்வதைவிட உங்களோடு நிற்பதே மேல். பெட்டி அதிர்ந்தது, செங்கல்பட்டில் ஜன்னல்கள் ஆடியதாகக் கேள்வி. சார் தன் கைக்குட்டையாலேயே இடத்தைத் துடைத்து உட்காரவைத்தார். அவன்தான் ஞானையா.

சார் போய்விட்டார். பாலுவும் போய்விட்டான். அந்தப் பெட்டியைத் தெரிந்தவர்கள் பூமியில் இரண்டே பேர். அதில் ஒருத்தன் தண்ணி லாரி பார்க்கிறான்.

8 பிப்ரவரி

யோசனை உதித்தது. வாட்ஸப்பில் அனுப்பினேன்: "ஞானையா, 1986-ல் நீ சொன்ன வாக்கியத்தை உன் காதில் ஓதியவன் நான்தான். இத்தனை வருஷம் தன்னடக்கத்தால் சொல்லவில்லை."

9 பிப்ரவரி, ஞாயிறு

நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஆராதனையில் பிரசங்கம் ஒரு வார்த்தை ஏறவில்லை.

10 பிப்ரவரி

காலை ஆறு மணிக்குப் போன். ஹலோ கிடையாது.

"யோவ் லாசரு! புளுகுமூட்டை! நீயா ஓதின? என் சொந்த வாக்கியம்யா அது!"

"அப்போ வெள்ளிக்கிழமை 8.10-க்கு பிளாட்பாரத்துல வந்து நிரூபி."

வைத்துவிட்டான். நான் ரெண்டு காபி போட்டு ரெண்டையும் நானே குடிச்சேன். சந்தோஷத்துல.

14 பிப்ரவரி, வெள்ளி

வந்தான்! வெள்ளைச் சட்டை, கையில் கோல், பின்னால் பாதி நாள் லீவு போட்ட ஜாய்சன். ஆனால் முகம் இன்னும் அந்தப் பால்கனியிலேயே இருந்தது. "ஒரு ஸ்டேஷன் வரேன். அப்புறம் இறங்கிடுவேன்" என்றான்.

வண்டி நுழைந்தது. என் ரத்தம் இருபது வயதுக்குத் திரும்பியது. முன்னாலிருந்து நாலாவது பெட்டி. புலிபோல் பாய்ந்து, ஜன்னல் கம்பி வழியே கர்ச்சீப்பைப் போட்டு சீட் பிடித்தேன். ஒரு பூக்காரம்மா அதை நுனிவிரலால் தூக்கினாள்.

"இன்னா தாத்தா, லேடீஸ் பொட்டில கர்ச்சீப் போட்டுகினு கீற? கண்ணு தெர்ல?"

எங்கள் சாம்ராஜ்யம் எப்போது மகளிர் பெட்டியானது? பெட்டி முழுக்கச் சிரிப்பு. பின்னாலிருந்து ஒரு குரல்: "யோவ் லாசரு, சீட் புடிச்சது சரி. புடவை எங்கய்யா?"

திரும்பினேன். ஞானையா சிரித்துக்கொண்டிருந்தான். கோல் ஆட, தோள் ஆட. ஜாய்சன் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டான்.

பக்கத்துப் பெட்டியில் ஏறினோம். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். ஞானையா நெஞ்சை நிமிர்த்தினான்.

"நோ மா. ஐ உட் ராதர் ஸ்டாண்ட் வித் திஸ் லையர் தேன் சிட் இன் மேடவாக்கம்."

மேடவாக்கத்தில் உட்கார்வதைவிட இந்தப் புளுகனோடு நிற்பதே மேலாம்! கோலை ஊன்றி நின்றான். சானடோரியம் வந்தது, இறங்கவில்லை. குரோம்பேட்டை. பல்லாவரம் வந்ததும் பொத்தென்று உட்கார்ந்தான். "சாரோட தண்டனை முடிஞ்சுது."

பீச் வரை போனோம். வழியெல்லாம் "ஒத்துக்கோ, ஒத்துக்கோ" என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

17 பிப்ரவரி

ஜாய்சன் போன்: அப்பா இன்று ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். பின்னாலிருந்து கத்தல்: "வர்ற வெள்ளிக்கிழமையும் வரேன்னு சொல்லுடா! ஒத்துக்கிற வரைக்கும் விடமாட்டேன்!"

ஆகவே ஆயுளுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டைரிக்கு மட்டும்: நாற்பதாயிரம் பேர் பொய். புலிப்பாய்ச்சல் பொய். செங்கல்பட்டு ஜன்னல்கள் சத்தியமாகப் பொய். ஒரு சின்ன விஷயம் நிஜம். அந்த வாக்கியம் ஞானையாவின் சொந்த வாக்கியம்தான். நான் எங்கே ஓதுவது? அப்போது என் வாய் நிறைய இட்லி.